டிரஸ்ஸிங் மாத்தியாச்சுன்னு நோட்டுல இருக்கு, புண்ணு மட்டும் ஏன் பெருசாவுது?

முதியோர் இல்லத்துல படுத்த படுக்கையா கிடக்குற ஒருத்தருக்கு வாலெலும்பு பக்கம் படுக்கைப்புண்ணு வந்துட்டுன்னா, டாக்டர் பாத்துட்டு நாலஞ்சு வரி எழுதிக் குடுப்பாரு. சலைன், அதாவது சுத்தமான உப்புத்தண்ணி, ஊத்திக் கழுவணும், உள்ள இன்ன மருந்து, மேல இன்ன கட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்தணும், நனைஞ்சாலோ அழுக்கானாலோ உடனே மாத்தணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஆளைத் திருப்பிப் போடணும். இதுல பெரிய வித்தை ஒண்ணுமில்ல. ஆனா கொஞ்ச வாரம் கழிச்சு மகனோ மகளோ பெங்களூர்லேருந்தோ துபாய்லேருந்தோ வந்து போர்வையைத் தூக்கிப் பாத்தா, எலும்பு தெரியுத அளவுக்குப் புண்ணு குழிஞ்சு கிடக்கும், நாத்தம் அறை வாசல்லயே அடிக்கும். அப்பம் ஒரு சண்டை நடக்கும் பாருங்க. இல்லத்துக்காரங்க நோட்டை எடுத்து முன்னால வைப்பாங்க, அதுல எல்லா நாளும் டிக் இருக்கும்.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் இப்பம் இது தெருவுக்கு ஒரு வீட்டுக் கதை. அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர்னு எங்க போனாலும் பிள்ளைங்க வெளியூர்ல, அப்பா அம்மா மட்டும் ஊர்ல, இடுப்பெலும்பு முறிஞ்சோ வாதம் வந்தோ விழுந்துட்டாங்கன்னா பாளையங்கோட்டை பக்கம் ஒரு ஹோம் பாத்துச் சேத்துட்டுப் போறதத் தவிர வேற வழி தெரியறதில்ல. அதைக் குறை சொல்லுத கட்டுரை இல்ல இது. டாக்டர் எழுதின அந்த நாலஞ்சு வரி, அவரு பேனாவுலேருந்து கிளம்பி ஆச்சியோட முதுகு வரைக்கும் போய்ச் சேர்றதுக்குள்ள எங்கெங்க வச்சு உதிருதுங்கிறதுதான் விஷயம். நான் பாத்த வரைக்கும் ஈவு இரக்கம் இல்லாத ஆளுங்களால நடக்குறது கொஞ்சம்தான். ஒருத்தர் கையிலேருந்து இன்னொருத்தர் கைக்கு வேலை மாறுத இடத்துலதான் பெரும்பாலும் விழுந்துபோவுது.

முதல்ல இந்தப் புண்ணு எப்படி வருதுன்னு கொஞ்சம் பாத்துக்கிடுவோம், இல்லன்னா டாக்டர் எழுதுன ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு புரியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல தோலும் சதையும் மாட்டிக்கிட்டு நசுங்குது, அந்த இடத்துக்கு ரத்தம் போறது நிக்குது, மணிக்கணக்கா அப்படியே கிடந்தா சதை செத்துப்போவுது. வாலெலும்பு, குதிகால், இடுப்போட ரெண்டு பக்கம், சில பேருக்குப் பின்மண்டை, முழங்கை. தலைமாட்டை ரொம்ப உசத்தி வச்சா உடம்பு கீழ சறுக்கும், தோலு மட்டும் மெத்தையில ஒட்டிக்கிட்டு நிக்கும், உள்ள இருக்குற சதை இழுபட்டுக் கிழியும், அதனாலதான் சாப்பாட்டு நேரம் போக மத்த நேரம் தலைமாடு 30 டிகிரிக்கு மேல வேண்டாம்னு சொல்லுதாங்க. இதுக்கு மேல மூத்திர ஈரமும் வேர்வையும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல ரெக்சின் விரிப்புக்கு மேல டயப்பர் போட்டுப் படுத்துக் கிடக்குறவங்க தோலு ஊறிப்போய்த்தான் இருக்கும்.

புண்ணை நாலு நிலையா பிரிக்காங்க. தோல் உடையாம நிறம் மட்டும் மாறியிருந்தா ஒண்ணாம் நிலை, மேல்தோல் உரிஞ்சா ரெண்டு, கொழுப்பு வரைக்கும் போனா மூணு, தசை எலும்பு தெரிஞ்சா நாலு. மேல கருப்பா பொருக்குத் தட்டி உள்ள எவ்வளவு ஆழம்னே தெரியலன்னா அதுக்குத் தனி வகை. முதல் நிலையில "சிவந்து இருக்கும்"னு எல்லா சார்ட்டுலயும் போட்டிருக்கும், நம்ம கருத்த தோலுல சிவப்பு எங்க தெரியுது? சுத்தியிருக்குற இடத்தை விட இன்னும் கருத்தோ ஊதா கலந்தோ இருக்கா, தொட்டா சூடா இருக்கா, கல்லு மாதிரி இறுகியோ இல்ல கொழகொழன்னோ இருக்கான்னு விரல் வச்சுத்தான் பாக்கணும். விளக்கு வெளிச்சம் இல்லாத அறையில டயப்பர் மாத்துத அவசரத்துல யாரு பாப்பா.

இன்னொண்ணு, உள்சதை நசுங்குனது மேல தெரிய 48 மணி நேரத்துலேருந்து 72 மணி நேரம் வரை ஆவும். ஆஸ்பத்திரி ஐசியுவுல ரெண்டு நாள் அசையாம கிடந்தவங்களை டிஸ்சார்ஜ் பண்ணி இல்லத்துக்குக் கொண்டு வந்த மூணாம் நாள் புண்ணு வெளிய வரும். இல்லத்துக்காரங்க ஆஸ்பத்திரியைச் சொல்லுவாங்க, ஆஸ்பத்திரி இல்லத்தைச் சொல்லும், ரெண்டு பேரும் பொய் சொல்லாமலே சண்டை போடலாம். அதனால சேர்க்குத அன்னைக்கே தலைலேருந்து கால் வரைக்கும் உடம்பைத் திருப்பிப் பாத்து எழுதி, தேதியோட ஒரு போட்டோவும் எடுத்து வச்சிட்டா பாதி சண்டை மிச்சம். நல்ல இல்லங்கள் இதைச் செய்யுதாங்க. செய்யாத இடத்துல நீங்களே கேட்டு எடுத்துக்கிடுங்க.

சரி, டாக்டர் எழுதின தாளுக்கு வருவோம். முதல் உதிர்ச்சி தாள்லயே இருக்கு. டிஸ்சார்ஜ் சம்மரியோட கடைசியில மருந்துப் பட்டியலுக்குக் கீழ "ரெகுலர் டிரஸ்ஸிங், பொசிஷன் சேஞ்ச்" அப்படின்னு ஒத்த வரி இருக்கும். ரெகுலர்னா தினமுமா, வாரத்துக்கு ரெண்டா? எதை வச்சுக் கழுவ, எதை வைக்க? இதைப் படிச்சு வேலை செய்யப்போறவங்க மறுபடி போன் போட்டுக் கேக்கவா போறாங்க, அவங்களுக்குப் பழகுனதைச் செய்வாங்க. பழகுனது என்னன்னா ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தி நுரை வர விட்டு, பெட்டாடின்ல முக்கின பஞ்சை வச்சு, மேல காஸ் துணி வச்சு பிளாஸ்டர் ஒட்டுதது. நுரை வந்தா கிருமி சாவுதுன்னு ஒரு திருப்தி, ஆனா புதுசா முளைச்சு வார இளஞ்சதையும் அதுல சேந்து சாவுதுங்கிறது கண்ணுக்குத் தெரியாதுல்லா. நல்லா சிவப்பா சதை வளந்து வார புண்ணுக்கு வெறும் சலைனே போதும்னு டாக்டர் எழுதியிருந்தாலும், "என்ன வெறும் தண்ணியை ஊத்தச் சொல்லுதாரு"ன்னு நினைச்சு பெட்டாடினையும் சேத்துக்கிடுவாங்க.

இதுல பெரிய தடை ஒரு பழைய நம்பிக்கை. புண்ணைக் காத்தாட விடணும், காயணும், அப்பத்தான் ஆறும்னு நம்ம வீட்டுல எல்லாருமே சொல்லி வளத்தாங்க. 1962ல ஜார்ஜ் விண்டர்னு ஒருத்தரு பன்றிகளோட தோலுல காயம் பண்ணிப் பாத்து, ஈரப்பதத்தோட மூடி வச்ச காயம் திறந்து காயவிட்டதை விட வெரசா மேல்தோல் மூடுதுன்னு காட்டுனாரு. இன்னைக்கு கடையில கிடைக்குற ஃபோம், ஹைட்ரோகொல்லாய்டு, ஆல்ஜினேட்னு அத்தனை டிரஸ்ஸிங்குக்கும் பின்னால அந்த யோசனைதான். மூணு நாள், அஞ்சு நாள் வரைக்கும் கூட பிரிக்காம வைக்கச் சொல்லுவாங்க சிலதை. ஆனா பாவம் பாக்குற ஒரு ஆயா, "ஐயோ ஆச்சிக்கு மூடியே வச்சிருக்கே, வெந்துபோவும்"னு சொல்லி அதைப் பிரிச்செடுத்துட்டு பவுடரைத் தூவி விட்டுருவாங்க. அது அன்புல செஞ்சது, அதைச் சொல்லாம விட முடியாது. ஆனா அந்த விலை கூடின டிரஸ்ஸிங்கும் போச்சு, புண்ணும் காஞ்சு வெடிச்சுப் போச்சு. எலும்பு மேட்டுல கருத்த இடத்தைத் தேங்காய் எண்ணெய் விட்டு உருவி விடுததும் இதே ரகம், ஏற்கெனவே நசுங்கின சதையை இன்னும் போட்டு நசுக்குத வேலை.

ராத்திரிதான் எல்லாத்தையும் விட மோசம். எங்க மதினி ஒருத்தங்க நர்சிங் முடிச்சிட்டு இந்த மாதிரி ஒரு இல்லத்துல பகல் டியூட்டி பாத்தாவ. காலைல எட்டு மணிக்கு உள்ள நுழைஞ்சதும் ராத்திரி ஆயா கிளம்பிக்கிட்டே சொல்லுவாங்களாம், "யம்மா, ஆச்சி ராத்திரி ரெண்டு தடவ வெளிய போயிட்டாவ, நல்லா துடைச்சு பேம்பர்ஸ் மாத்திட்டேன்." "கட்டு?" "அது நீங்க போட்டதுல்லா, நான் எப்படிப் பிரிக்க?" அந்தம்மா சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. கட்டைத் தொடக்கூடாதுன்னுதான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. மதினி போய் ஆச்சியைச் சரிச்சுப் பாத்தா மேல பாக்க கட்டு வெள்ளையா அழகா இருக்கும், கீழ்விளிம்புல மட்டும் பிளாஸ்டர் பழுப்பு நிறத்துல சுருண்டு நிக்கும், விரல வச்சுத் தூக்குனா உள்ள இருக்குற காஸ் வரைக்கும் மலம் ஊறியிருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு ஊறுனது எட்டரை வரைக்கும் திறந்த புண்ணுல. "நனைஞ்சா உடனே மாத்தணும்"ங்கிற வரி தாள்ல இருக்கு, ஆனா ராத்திரி அதைச் செய்யக்கூடிய கை அந்தக் கட்டடத்துல கிடையாது. நோட்டுல பாத்தா? ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்தியாச்சு, சரியா இருக்கு.

இல்லத்துல நர்சுன்னு சொல்லி நிக்குறவங்க எல்லாரும் நர்சு இல்லங்கிறதும் நமக்குத் தெரிஞ்சதுதான். முறையா படிச்சுப் பதிவு பண்ணினவங்க ஒருத்தரோ ரெண்டு பேரோ, அவங்களும் நல்ல சம்பளம் கிடைச்சா வளைகுடாவுக்குப் பறந்துருவாங்க. மத்தபடி பீடித் தட்டை ஓரமா வச்சிட்டு வந்த அக்காமாருங்கதான் தூக்குத, துடைக்குத, திருப்புத வேலை மொத்தத்தையும் பாக்குதாங்க. ஒரு ஆளைத் திருப்ப ரெண்டு பேரு வேணும். ராத்திரி ஒரு ஆயாவுக்குப் பத்து பதினஞ்சு பேருன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எல்லாரையும் திருப்புங்கன்னு எழுதுறது காகிதத்துக்கு மட்டும்தான்.

இப்பம் அந்த நோட்டு. ஒருதடவ ஒரு இல்லத்துல எனக்குப் பாக்கக் கிடைச்சது. திங்கள்லேருந்து ஞாயிறு வரைக்கும் ஒரே நீல மை, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், "டிரஸ்ஸிங் டன்" ஏழு தடவ, ஒரே மூச்சுல எழுதினதுன்னு பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் சொல்லிரும். புண்ணு எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், நீர் வடியுதா, வாடை இருக்கா, ஒரு வார்த்தை கிடையாது. வேலை நடந்துச்சான்னு கேட்டா டிக் பதில் சொல்லும், புண்ணு எப்படி இருக்குன்னு கேட்டா அது வாயைத் திறக்காது. வாரம் ஒருக்கா நீளம், அகலம், ஆழம் அளந்து எழுதினாத்தான் ஆறுதா பெருசாவுதான்னு தெரியும், ரெண்டு வாரத்துல ஒரு முன்னேற்றமும் இல்லன்னா வைத்தியத்தையே மறுபடி யோசிக்கணும்.

அமெரிக்காவுலயும் இதே கதைதான்னு சொன்னா பல பேரு நம்பமாட்டாங்க. அங்க 1987ல நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் கொண்டு வந்தாங்க. படுக்கைப்புண் வராம பாக்குறதும் வந்ததை ஆத்துறதும் இல்லத்தோட கடமைன்னு மத்திய விதியில தனியா இருக்கு, அதுல தவறினா இன்ஸ்பெக்டருங்க எஃப் 686ங்கிற நம்பர்ல குறை எழுதுவாங்க, எத்தனை பேருக்குப் பாதிப்பு, எவ்வளவு தீவிரம்னு பாத்து ஏயிலேருந்து எல் வரைக்கும் எழுத்து போடுவாங்க. ஒவ்வொரு ஆளுக்கும் டிரஸ்ஸிங் செஞ்சதைக் கையெழுத்துப் போடுததுக்குத் தனி ரெக்கார்டு உண்டு. அப்படியிருந்தும் அந்த இன்ஸ்பெக்ஷன் அறிக்கைகள்ல திரும்பத் திரும்ப வாரது என்ன? ரெக்கார்டுல கட்டம் காலியா இருந்துச்சு, இல்லன்னா கட்டம் நிறைஞ்சிருந்துச்சு ஆனா கட்டுல எழுதியிருந்த தேதி பழசா இருந்துச்சு, டாக்டர் மாத்தி எழுதின மருந்து வராம பழைய மருந்தே போட்டாங்க, குதிகாலைத் தூக்கி வைக்கச் சொன்னது நடக்கல. நம்ம ஊர் குறைகளே அச்சு அசலா. ஒரு வித்தியாசம், அந்த அறிக்கையை யாரு வேணும்னாலும் இணையத்துல படிக்கலாம், இல்லத்தோட பேரோட. இங்க அப்படி ஒண்ணும் கண்ணுல படல.

கட்டுல எழுதின தேதின்னு சொன்னேனே, அது காசு செலவில்லாத விஷயம். பிளாஸ்டரை ஒட்டுததுக்கு முன்னாடி அதுல பேனாவால தேதி, நேரம், மாத்தினவங்க பேரோட முதலெழுத்து. நோட்டுல என்ன வேணும்னாலும் பின்னால உக்காந்து எழுதலாம், முதுகுல ஒட்டியிருக்குறதை அப்படி எழுத முடியாது. நீங்க பாக்கப் போகும்போது ஆச்சியை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு அந்தத் தேதியை மட்டும் பாருங்க, வேற யாரையும் விசாரிக்க வேண்டியதே இல்ல.

அடுத்த உதிர்ச்சி, மாத்தி எழுதுனது போய்ச் சேராம இருக்குறது. ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியிலயோ தனியார்லயோ ரிவ்யூவுக்குக் கொண்டு போறோம், டாக்டர் செத்த சதையை வெட்டி எடுத்துட்டு, இனிமே பெட்டாடின் வேண்டாம், இந்த ஜெல்லைப் போடுங்கன்னு புதுசா எழுதுதாரு. சீட்டு மகனோட சட்டைப் பையில. மகன் போட்டோ எடுத்து இல்லத்து மேனேஜர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிட்டு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிச்சுட்டாரு. மேனேஜர் "ஓகே சார்" போட்டுட்டாரு. கட்டு மாத்துத நர்சு அந்த வாட்ஸ்அப்புல கிடையாது, அவங்க ட்ரேயில பழைய சீட்டுதான் இருக்கு, ஜெல்லு வாங்கவும் யாரும் போகல ஏன்னா அது பில்லுல யாரு கணக்குன்னு பேசி முடியல. இதுல யாரைத் திட்ட? எல்லாரும் அவங்கவங்க பங்கைச் செஞ்சிட்டாங்க. புது ஆர்டர் வந்த அன்னைக்கே பழைய சீட்டைக் கோடு போட்டு அடிச்சிட்டு, புதுசை நர்சு கையில குடுத்து, சாமானும் வந்துட்டான்னு பாத்துட்டுத்தான் ஊருக்குக் கிளம்பணும்.

ஆழமான புண்ணுக்குள்ள காஸ் துணியைச் செருகி வைப்பாங்க, அதுல எத்தனை துண்டு உள்ள போச்சுன்னு எழுதலன்னா அடுத்த தடவ எடுக்குறவங்க மேல இருக்குறதை மட்டும் எடுத்துட்டு உள்ள ஒண்ணை விட்டுருவாங்க. அது அழுகுனா புண்ணு மூடவே மூடாது. அதே மாதிரி கட்டு மாத்த அரை மணி நேரம் முன்னால வலி மாத்திரை குடுங்கன்னு எழுதியிருப்பாங்க, அதை விட்டுட்டா ஆச்சி கத்துவாங்க, கத்துனா நர்சு பாதியிலேயே கழுவுறதை நிறுத்திட்டு மூடிருவாங்க. ஒண்ணு தவறினா பின்னாலேயே இன்னொண்ணு தவறுது.

மெத்தை விஷயத்துல ஒரு கூத்து உண்டு. ஏர் பெட் வாங்கிப் போட்டாச்சுன்னு குடும்பமே நிம்மதியா இருக்கும், திருப்பிப் போடுறதை நிறுத்திருவாங்க. ஏர் பெட்டு திருப்புத வேலைக்குப் பதில் இல்ல. அதுக்கு மேல ரெக்சின், அதுக்கு மேல நாலா மடிச்ச பெட்ஷீட்னு போட்டா அந்தக் காத்து ஏறி இறங்குறது உடம்புக்குப் போய்ச் சேரவே சேராது. கரண்டு போனா மோட்டர் நிக்கும், இன்வெர்ட்டர் லைன்ல அந்த பிளக் இருக்கான்னு யாரும் பாத்திருக்க மாட்டாங்க, காத்து இறங்கி ஆளு பலகையில கிடப்பாங்க. நடுவுல ஓட்டை இருக்குற ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம், அது ஓட்டையைச் சுத்தி ரத்த ஓட்டத்தை அடைக்கும். குதிகாலுக்குத் தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில நீளவாக்குல வச்சு, குதிகால் அந்தரத்துல தொங்குத மாதிரி விடணும், அவ்வளவுதான்.

சாப்பாட்டையும் டாக்டர் எழுதியிருப்பாரு, அதை ஆர்டர்னே யாரும் எடுத்துக்கிடறதில்ல. புண்ணு ஆற உடம்பு எடையில கிலோவுக்கு ஒண்ணேகால்லேருந்து ஒண்ணரை கிராம் வரை புரதம் தினமும் வேணும்னு சொல்லுதாங்க. 50 கிலோ ஆச்சிக்குக் கணக்குப் போட்டா 62லேருந்து 75 கிராம். காலைல கஞ்சி, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரி ரெண்டு இட்லின்னா அதுல பாதி கூடத் தேறாது, ஒரு முட்டையில இருக்குறதே சுமார் 6 கிராம்தான். கிட்னி பிரச்சினை இருந்தா மட்டும் டாக்டரைக் கேக்காம கூட்டக்கூடாது. சுகர் ஏறிக் கிடந்தா எந்தக் கட்டும் வேலைக்கு ஆகாது.

யாரு இதையெல்லாம் கண்காணிக்கணும்? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் 2007ல வந்துச்சு, தமிழ்நாட்டுக்கு விதிகள் 2009ல. முதியோர் இல்லம்னா சமூக நலத்துறை பக்கம். ஆஸ்பத்திரி, கிளினிக்னா 1997ம் வருஷத்து தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், அது சுகாதாரத்துறை இணை இயக்குநர் பக்கம். மூணாம் நிலைப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுத இல்லம் இது ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. சமூக நலத்துறை ஆளு வந்தா அறை, கக்கூஸ், சமையல், பதிவேடுன்னு பாப்பாங்க, கட்டைப் பிரிச்சுப் பாக்க அவங்களுக்கு என்ன தெரியும். என் அபிப்பிராயம், படுக்கை நோயாளியைச் சேக்குற இல்லம்னா ராத்திரியும் ஒரு பதிவு பெற்ற நர்சு இருக்கணும்னு கட்டாயம் ஆக்கணும், முடியலன்னா அந்த மாதிரி ஆளைச் சேக்கக்கூடாது. செலவு கூடும்தான். இப்பமும் அந்தச் செலவு நடக்கத்தான் செய்யுது, பின்னால ஐசியு பில்லா வருது.

ஏன்னா புண்ணுலேருந்து கிருமி ரத்தத்துல ஏறிட்டா வயசானவங்களுக்குச் சில நேரம் காய்ச்சல் கூட வராது. நேத்து வரைக்கும் பேசுனவங்க இன்னைக்கு ஆள் தெரியாம உளறுவாங்க, சாப்பாடு இறங்காது, பிரஷர் குறையும், மூச்சு வாங்கும். புண்ணைச் சுத்தி சூடும் வீக்கமும் பரவுனாலோ, புதுசா சீழோ கெட்ட வாடையோ வந்தாலோ, எலும்பு தட்டுப்பட்டாலோ அடுத்த ரிவ்யூ தேதி வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரி.

வீட்டுலயே வச்சுப் பாக்குறவங்களுக்கு, 2021 ஆகஸ்டுல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பாக்குற வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்ப் பேரு குடுங்க, கட்டு மாத்துறதைச் சொல்லிக் குடுக்கவும் கேளுங்க. இல்லத்துல சரியா நடக்கலன்னா 14567ங்கிற முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம், கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட சமூக நல அலுவலர்கிட்ட எழுத்துல குடுக்கலாம். காசு வாங்கிட்டுச் சேவையில குறை வச்சா நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். அப்படிப் போறதா இருந்தா அளவுகோலைப் பக்கத்துல வச்சு எடுத்த தேதி போட்ட புண்ணு போட்டோ, டாக்டர் சீட்டுங்க, இல்லத்து நோட்டோட நகல் மூணும் வேணும். ஆஸ்பத்திரி ரெக்கார்டை டாக்டர்கிட்ட எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள நகல் தரணும்னு மருத்துவக் கவுன்சில் விதி இருக்கு. இல்லத்து நோட்டை அப்படிக் கேக்க விதி எதையும் தேடிக்கிட்டு இருக்காதீங்க, ஒவ்வொரு தடவ பாக்கப் போகும்போதும் அந்த வாரத்துப் பக்கத்தைப் போன்ல ஒரு போட்டோ எடுத்துருங்க.